கல்லேரிக் கர்தினாலுக்கு ஒரு பூசைக்கருத்து

அப்பாவின் ஜெபப் புத்தகத்துக்குள் ஒரு செய்தித்தாள் படம் இருக்கிறது. 1985-ஆம் ஆண்டு வெட்டி வைத்தது. தாள் பழுத்து மடிப்பில் கிழிந்துவிட்டது. அம்மா பின்னால் இன்னொரு தாளை வைத்துச் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருக்கிறார். கறுப்பு வெள்ளைப் படம்தான், ஆனால் தலையில் இருக்கும் தொப்பி மட்டும் சிவப்பாக இருக்கும். அப்பா சிவப்புப் பேனாவால் கோடு தாண்டாமல் தீட்டிய சிவப்பு அது. "சிவப்பு இல்லாவிட்டால் அவர் கர்தினால் என்று எப்படித் தெரியும்?" என்று அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

படத்தில் இருப்பவர் கர்தினால் துரைசாமி சைமன் லூர்துசாமி. திருத்தந்தைக்கு (போப்புக்கு) அடுத்த நிலையான கர்தினாலாக உயர்ந்த முதல் தமிழர். 1924 பிப்ரவரி 5 அன்று கல்லேரி என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பாவுக்குத் திண்டிவனம் பக்கம். பெரம்பூர் ரயில்வே பணிமனையில் வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தவர், ஊரை விட்டு வந்தாலும் ஊர் பேச்சை விடவில்லை. புதுச்சேரியிலிருந்து வந்த 'சர்வ வியாபி' என்ற கத்தோலிக்க வார இதழைத் தபாலில் வரவழைத்துப் படிப்பார். லூர்துசாமி இளம் குருவாக இருந்த காலத்தில் அந்த இதழின் ஆசிரியர். அதனால் அப்பாவுக்கு அவர் முதலில் எழுத்தாகத்தான் அறிமுகம். ஆயர், பேராயர், கர்தினால் எல்லாம் பிறகு வந்தவை.

2024-இல் கர்தினாலின் நூற்றாண்டு. அவர் ரோமாபுரியில் கண்மூடியது 2014 ஜூன் 2, தொண்ணூறு வயதில். ஆக, பத்தாம் ஆண்டு நினைவும் அதே வருடம். அப்பா இருந்திருந்தால் இந்த இரண்டையும் நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்திருப்பார். அவர் இல்லாத வீட்டில் அந்தக் கணக்கை அம்மா வைத்திருந்தார் என்பது எனக்கு மே மாதத்தில்தான் தெரிந்தது.

"ஜூன் 2 ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அவருக்கு ஒரு பூசைக்கருத்துக் கொடுக்க வேண்டும்" என்றார். ஒருவருக்காகத் திருப்பலியில் வேண்டிக்கொள்ளும்படி கேட்டுக் கொடுப்பதுதான் பூசைக்கருத்து. நம் பங்கிலேயே கொடுத்துவிடலாமே, பெரம்பூர் லூர்து மாதா கோயில் அவர் பெயருக்கும் பொருத்தம்தானே என்றேன். அம்மா தலையை ஆட்டினார். "தோமையார் அப்போஸ்தலர் கல்லறைப் பக்கத்தில் கொடுத்தால்தான் எனக்கு மனம் நிறையும். அப்படியே மலைக்கும் போய்விட்டு வர வேண்டும்." மலை என்றால் எங்கள் வீட்டில் பரங்கிமலை. 82 வயதில் அவர் ஒன்றைக் கேட்டால் காரணம் கேட்கும் துணிவு எனக்குக் கிடையாது.

முந்தின வாரமே அந்தக் கல்லறை இருக்கும் சாந்தோமுக்குப் போய்க் கருத்துச் சீட்டு எழுதினேன். இறந்தவர் பெயர் என்ற இடத்தில் லூர்துசாமி என்று எழுதிக் கொடுத்ததும், வாங்கியவர் "உங்கள் அப்பாவா?" என்றார். "இல்லை, கர்தினால்" என்றேன். அவர் பேனாவை எடுத்துப் பெயருக்கு முன்னால் தானே 'கர்தினால்' என்று சேர்த்து எழுதினார்.

ஞாயிறு விடியற்காலை நாலரைக்கு ஆட்டோ வந்துவிட்டது. கத்திரி முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அந்த நேரத்திலும் காற்று வெதுவெதுப்பாகவே இருந்தது. சூளை வழியாகப் போகும்போது அம்மாவிடம் ஒரு செய்தி சொன்னேன். கர்தினால் ஆகிற ஒவ்வொருவருக்கும் ரோமாபுரியில் ஒரு கோயிலைப் பெயருக்கு ஒப்படைப்பார்கள். ரோமாபுரிக் குருக்களில் அவரும் ஒருவர் என்பதற்கு அது அடையாளம். லூர்துசாமிக்குக் கிடைத்தது வத்திக்கானுக்குப் பக்கத்திலேயே இருக்கும் அருளன்னை கோயில். அந்தப் பேட்டைக்கு 'ஃபோர்னாச்சி' என்று பெயர். செங்கல் சூளைகள் என்று பொருள்.

"அப்படியென்றால் அதுவும் சூளை மாதா கோயில்தான்" என்றார் அம்மா. வெளியே பார்த்தபடி, "நம் ஊர் மாதிரியேதான் எல்லா ஊரும்" என்றும் சொன்னார். இத்தாலிய மொழியில் நீளமாக இருக்கும் அந்தப் பெயரை நான் எத்தனை முறை படித்தும் மனத்தில் நின்றதில்லை. சூளை மாதா என்று அம்மா சொன்னபிறகு மறக்கவே இல்லை.

சாந்தோம் கோபுரம் இருட்டில் வெள்ளையாகத் தெரிந்தது. போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் கட்டிய பழைய கோயிலை இடித்துவிட்டு 1896-இல் எழுப்பியது இன்றைய பேராலயம். 1956-இல் திருத்தந்தை இதைப் பசிலிக்காவாக உயர்த்தினார். கோயிலைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இவையெல்லாம் முக்கியம். அம்மாவுக்கு முக்கியம் ஒன்றுதான்: பலிபீடத்துக்கு மேலே இருக்கும் வண்ணக் கண்ணாடிச் சாளரம். உயிர்த்த ஆண்டவரின் காயத்தைத் தோமையார் தொட வருகிற காட்சி. விடிய விடிய அந்தக் கண்ணாடியில் வெளிச்சம் ஏறுவதைப் பார்ப்பதற்காகவே முன் வரிசைக்குப் போய் உட்கார்ந்தார்.

அன்றைக்குக் கிறிஸ்துவின் திரு உடல் திரு இரத்தப் பெருவிழா. பீடத்துக்குப் பக்கத்தில் ஐந்து முகக் குத்துவிளக்கு. அதன் அடியில் மல்லிகையும் சாமந்தியுமாகக் கோலம் போல வட்டம். கருத்துகளை வாசித்தபோது, "கர்தினால் லூர்துசாமி ஆண்டகையின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று குரு சொன்னார். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் அப்போது அப்பாவைத்தான் நினைத்தேன். அவர் பெயரும் அந்த வரியில் ஒட்டிக்கொண்டு போவது போல இருந்தது.

எழுந்தேற்றம் முடிந்து, "இவர் வழியாக, இவரோடு, இவரில்" என்று குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்தியபோது மூன்று பெண்பிள்ளைகள் தட்டோடு வந்து ஆரத்தி எடுத்தார்கள். ஒருத்தி தட்டில் பூ, ஒருத்தி தட்டில் சாம்பிராணி, நடுவில் நின்றவள் தட்டில் தீபம். நடுவில் நின்றவள் மிகச் சிறியவள், பத்து வயதிருக்கலாம். தட்டு சாய்ந்துவிடக் கூடாதே என்று கீழுதட்டைக் கடித்துக்கொண்டு அத்தனை கவனமாகச் சுற்றினாள். அந்தக் கடித்த உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோயிலுக்குள் ஆரத்தி என்பது அவளுக்குத் தண்ணீர் குடிப்பது போல இயல்பான காரியம். அம்மா அந்த வயதில் இருந்தபோது அது நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று.

அம்மா அறிந்த பழைய பூசை லத்தீனில் இருந்தது. குரு பீடத்தைப் பார்த்து நிற்பார், மக்கள் அவர் முதுகைப் பார்த்து முழந்தாளில் இருப்பார்கள். அவர் "தோமினுஸ் வோபிஸ்கும்" என்பார், பூசை உதவிச் சிறுவன் "எத் கும் ஸ்பிரித்து துவோ" என்பான், பெண்கள் முக்காட்டுக்குள் ஜெபமாலை உருட்டுவார்கள். அதிலும் பக்தி இருந்தது, அம்மா அந்தப் பக்தியில்தான் வளர்ந்தார். ஆனால் என் பாட்டி மாதா சுரூபத்தின் பாதத்தை முத்தமிடாமல் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது, பங்கில் இருந்த ஒருவர், "முத்தி செய், இல்லையென்றால் சும்மா இரு, இதெல்லாம் அவர்கள் வழக்கம்" என்று எல்லோர் முன்னாலும் அதட்டியிருக்கிறார். பாட்டி அதற்குப் பிறகு கோயிலில் கையை மடித்தே வைத்திருந்தாராம். வீட்டில் மட்டும், யாரும் பார்க்காதபோது, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

கல்லேரிக்காரரின் வாழ்க்கை எங்கள் வீட்டைத் தொட்ட இடம் இதுதான். அவர் கடலூர் புனித ஆக்னெஸ் சிறு குருமடத்தில் தொடங்கி, பெங்களூர் புனித பேதுரு குருமடத்திலும் நம் சென்னை லயோலா கல்லூரியிலும் படித்தவர். 1951 டிசம்பர் 21-இல் குருப்பட்டம். ரோமாபுரியில் திருச்சபைச் சட்டத்தில் முனைவர் பட்டம். 1962-இல், முப்பத்தெட்டு வயதில், பெங்களூர் துணை ஆயர். ஆகஸ்ட் மாதம் ஆயர் திருநிலைப்பாடு, அக்டோபர் மாதம் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் தொடங்கிவிட்டது. கையில் அணிந்த மோதிரம் பழகுவதற்குள் உலகத்து ஆயர்கள் எல்லோரோடும் போய் உட்காரும் பேறு கிடைத்தது அவருக்கு. அந்தப் பொதுச்சங்கம்தான் 1963 டிசம்பரில் தாய்மொழி வழிபாட்டுக்குக் கதவைத் திறந்தது.

கதவு திறந்தால் மட்டும் போதாது, யாராவது உள்ளே கூட்டிப் போக வேண்டும். 1968-இல் பெங்களூர் பேராயரான லூர்துசாமி இந்திய ஆயர் பேரவையின் வழிபாட்டுப் பணிக்குழுவுக்குத் தலைவராக இருந்தார். அவருடைய தம்பி அருட்தந்தை அமலோர்பவதாஸ் பெங்களூரில் 1967-இல் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தை நடத்தினார். அண்ணன் நெறிப்படுத்த, தம்பி சிந்தித்து எழுத, இந்திய ஆயர்கள் கேட்டுக்கொண்ட பன்னிரண்டு தழுவல்களுக்கு 1969 ஏப்ரல் 25 அன்று ரோமாபுரி ஒப்புதல் தந்தது. தரையில் உட்கார்ந்து வழிபடலாம். செருப்பைக் கழற்றிவிட்டு நுழையலாம். முழந்தாளிடுவதற்குப் பதில் கைகூப்பித் தாழ்ந்து வணங்கலாம். மெழுகுதிரிக்குப் பதில் எண்ணெய் விளக்கு ஏற்றலாம். ஆரத்தி எடுக்கலாம். உடலின் ஐந்து உறுப்புகள் தரையில் படும் பஞ்சாங்க வணக்கம் செய்யலாம்.

அந்தப் பன்னிரண்டில் இன்னொன்றும் உண்டு. புனிதப் பொருள்களை முத்தி செய்வதற்குப் பதிலாக, விரலாலோ உள்ளங்கையாலோ தொட்டு, அந்தக் கையைக் கண்ணிலோ நெற்றியிலோ ஒற்றிக்கொள்ளலாம்.

அப்பா இதைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டியது அம்மாவின் கண்ணெதிரே நடந்தது. பாட்டிக்கு எழுத்து தெரியாது. "ரோமாபுரியிலிருந்தா வந்திருக்கிறது?" என்று இரண்டு தடவை கேட்டாராம். அடுத்த ஞாயிறு கோயிலில் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மாதா பாதத்தைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, வெகுநேரம் அப்படியே நின்றிருக்கிறார். அதற்குப் பிறகுதான் அப்பா இந்தக் கர்தினாலின் ஒவ்வொரு செய்தியையும் வெட்டி வைக்கத் தொடங்கினார்.

எல்லோரும் இதை வரவேற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விசுவாசத்தைக் கலப்படம் செய்கிறார்கள் என்று கடிதம் எழுதியவர்களும் வழக்குப் பேசியவர்களும் நம்மிடையே இருந்தார்கள். அவர்கள் அச்சத்தையும் நான் மதிக்கிறேன். ஆனால் என் பாட்டியின் கை எந்த விசுவாசத்தையும் கெடுக்கவில்லை என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயம் கிடையாது. மேலே சாளரத்தில் தோமையார் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார். தொட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டவரை ஆண்டவர் விலக்கவில்லை. "உன் கையை நீட்டி என் விலாவில் இடு" என்றார். தோமையார் வந்து இறங்கிய மண்ணில் தொட்டு வணங்குவது தவறாக எப்படி இருக்க முடியும்?

திருப்பலி முடிந்து கல்லறைச் சிற்றாலயத்துக்கு இறங்கினோம். கீழே எப்போதும் ஒரு குளுமை உண்டு. சாய்ந்த நிலையில் அப்போஸ்தலரின் சுரூபம், முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர், சுவாசம் கேட்கிற அமைதி. அம்மா அப்பாவின் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு முழு ஜெபமாலை சொன்னார். 1986 பிப்ரவரி 5 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சென்னைக்கு வந்து இந்தப் பேராலயத்தில் ஜெபித்தார். அன்றைக்குக் கர்தினால் லூர்துசாமிக்கு 62-ஆவது பிறந்தநாள் என்பதை அப்பா படத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறார். அதற்கு என்ன பொருள் என்று நான் தேடவில்லை. அப்பாவின் சிறிய எழுத்தை அந்த மங்கலான வெளிச்சத்தில் படிக்க முடிந்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

வெளியே வந்து இட்லி சாப்பிட்டுவிட்டு, சின்னமலையை இந்த முறை விட்டுவிட்டு நேராகப் பரங்கிமலைக்குப் புறப்பட்டோம். வண்டி போக மலையின் பின்பக்கம் சாலை இருக்கிறது. ஆனாலும் அம்மா அடிவாரத்தில் இறங்கி, படிக்கட்டின் முதல் படியைத் தொட்டு வணங்கிவிட்டுத்தான் மறுபடி ஆட்டோவில் ஏறினார். 18-ஆம் நூற்றாண்டில் ஆர்மீனிய வணிகர் ஒருவர் தம் செலவில் கட்டிக் கொடுத்த படிகள். சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குக் குறுக்கே பழைய பாலத்தைக் கட்டியவரும் அவர்தான். எங்கோ பிறந்து, வேறொரு மொழியில் ஜெபித்து, நம் ஊர்க்காரர்கள் முழங்கால் வலிக்காமல் மலையேற வேண்டும் என்று நினைத்த மனிதர்.

மேலே எதிர்நோக்கு அன்னை ஆலயம். பீடத்தின் சுவரில் கல்லில் செதுக்கிய சிலுவை. 1547-இல் போர்த்துக்கீசியர் அடித்தளம் தோண்டியபோது கிடைத்தது. 1558 டிசம்பர் 18 அன்று பூசை நடக்கும்போது இரத்தம் கசிந்ததாகக் கூறும் மரபு இருப்பதால் இரத்தச் சிலுவை என்கிறோம். சிலுவையைச் சுற்றி வளைவாக ஓர் எழுத்து வரிசை ஓடுகிறது. அது தமிழும் அல்ல, லத்தீனும் அல்ல. பாரசீகத்தின் பழைய பகலவி எழுத்து. போர்த்துக்கீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கீழைத் திருச்சபையினர் இங்கே சிலுவை நட்டு வணங்கியதற்கு அந்தக் கல்லே சாட்சி.

அதன் முன்னால் உட்கார்ந்தபோது கர்தினாலின் வாழ்க்கையின் பிற்பகுதியை அம்மாவுக்கு மெல்லிய குரலில் சொன்னேன். 1971-இல் பெங்களூரை விட்டு ரோமாபுரிக்குப் போனார். 1973 முதல் நற்செய்தி அறிவிப்புப் பேராயம் என்ற வத்திக்கான் துறையின் செயலர். 1985 மே 25 அன்று 28 பேரைக் கர்தினால்களாக உயர்த்தினார் திருத்தந்தை. அவர்களில் இவரும் ஒருவர். இரத்தம் சிந்தும் அளவுக்கும் விசுவாசத்தில் நிலைத்திருப்பேன் என்பதற்குத்தான் அந்தச் சிவப்பு. அதே ஆண்டு அக்டோபர் 30-இல், ரோமாபுரியோடு ஒன்றித்திருந்தாலும் தங்களுக்கென்று தனி வழிபாடு வைத்திருக்கும் கீழைத் திருச்சபைகளுக்கான பேராயத்தின் தலைவரானார். 1991 மே வரை அந்தப் பொறுப்பு. லத்தீன் வழிபாட்டில் வளர்ந்த ஒரு தமிழர் கையில் மரோனியர், கல்தேயர், கோப்தியர், ஆர்மீனியர், எத்தியோப்பியர், உக்ரைனியர், நம் பக்கத்துச் சீரோ மலபார், சீரோ மலங்கரா சபைகள் அனைத்தின் வழிபாட்டையும் மரபையும் காக்கும் பொறுப்பு வந்தது. உக்ரைனில் பல பத்தாண்டுகள் மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கர் வெளியே வந்த காலம் அது. கீழைத் திருச்சபைகளுக்கென்றே தொகுத்த சட்டநூல் 1990 அக்டோபரில் வெளியானதும் அவர் காலத்தில்தான். அதே 1990-இல் தம்பி அமலோர்பவதாஸ் சாலை விபத்தில் இறந்தார். ஐம்பத்தெட்டு வயதுகூட நிறையவில்லை.

அம்மா அந்தச் செய்தியில் நின்றுவிட்டார். சட்டநூல், பேராயம் எதுவும் பிறகு அவர் காதில் விழவில்லை. "தம்பியைக் கொடுத்துவிட்டு இருபத்து நாலு வருடம் இருந்திருக்கிறார்" என்றார். கணக்கு சரியாக இருந்தது.

இன்னொன்றும் சொன்னேன். திருத்தொண்டர் நிலைக் கர்தினால்களில் மூத்தவர்தான் புதுத் திருத்தந்தை தேர்வானதும் புனித பேதுரு பேராலய மாடத்துக்கு வந்து "ஹபேமுஸ் பாபாம்" என்று உலகுக்கு அறிவிப்பார். 1993 ஏப்ரல் முதல் 1996 ஜனவரி வரை அந்த மூத்தவர் லூர்துசாமி. அந்த மூன்று ஆண்டுகளுக்குள் திருத்தந்தைத் தேர்தல் வந்திருந்தால் கல்லேரியில் பிறந்தவர் குரலைத்தான் உலகம் கேட்டிருக்கும். வரவில்லை. 2005-இல் தேர்தல் வந்தபோது அவருக்கு 81 வயது. எண்பதைக் கடந்த கர்தினால்களுக்கு வாக்கு கிடையாது. கர்தினாலாக 29 ஆண்டுகள் இருந்தும் அவர் ஒருமுறைகூடத் திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்க வாக்களித்ததில்லை.

"அதனால் என்ன குறை?" என்றார் அம்மா. "பாட்டி கையைக் கோயிலுக்குள் கொண்டுவந்தாரே."

அப்போது கேரளத்திலிருந்து ஒரு குழு உள்ளே வந்தது. முப்பது பேர் இருக்கும். சிலுவையைப் பார்த்ததும் மலையாளத்தில் பாடத் தொடங்கினார்கள். வெள்ளைச் சட்டையும் முண்டும் உடுத்து, காதில் வளையம் போட்ட ஒரு முதிய அம்மையார் எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு அம்மாவைவிட நாலைந்து வயது கூடவே இருக்கும். அம்மாவின் மடியில் விரிந்திருந்த படத்தைப் பார்த்து, யார் என்று கையால் கேட்டார்.

"கர்தினால். எங்கள் பக்கத்து ஊர்க்காரர்" என்றார் அம்மா தமிழில். பிறகு என்னைப் பார்த்தார். நான் எனக்குத் தெரிந்த மலையாளத்தில், உங்கள் சபைக்கும் ரோமாபுரியில் ஐந்தரை ஆண்டுகள் பொறுப்பாக இருந்தவர், பெயர் லூர்துசாமி என்று சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. "லூர்து" என்ற சொல்லை மட்டும் அவர் திருப்பிச் சொன்னார். ஒட்டுப்போட்ட அந்தத் தாளைக் கையில் வாங்கவில்லை, கிழிந்துவிடும் என்று பயந்திருக்க வேண்டும். ஒற்றை விரலை நீட்டி, அப்பா தீட்டிய சிவப்பின்மேல் மெல்ல வைத்து, அந்த விரலை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.